கார்ரெட் வகை மாதிரி நீராவி இன்ஜின்: அறிகுறியிலிருந்து பிழைக்குச் செல்லும் வழி

கார்ரெட் வகை இன்ஜினில் கொதிகலனுக்கு நேர் கீழே சக்கரங்கள் இருப்பதில்லை. நடுவில் ஒரு சட்டத்தின் மேல் கொதிகலனும் ஓட்டுநர் அறையும் அமர்ந்திருக்க, அச்சட்டத்தின் இரு முனைகளையும் தனித்தனியான இரண்டு இயந்திர அலகுகள் பிவட்டின் (சுழல் மையத்தின்) மேல் தாங்குகின்றன. ஒவ்வோர் அலகுக்கும் சொந்தமாகச் சிலிண்டர்களும் வால்வு இயக்கமும் சக்கரங்களும் உண்டு. ஆனால் கொதிகலன், ரெகுலேட்டர் (சிலிண்டர்களுக்கு நீராவியைத் திறந்துவிடும் வால்வு), புகைப்பெட்டி (கொதிகலனின் முன்முனையில் புகை சேரும் அறை) ஆகியவை இரண்டுக்கும் பொது. ஆகவே ஓர் அலகின் கோளாற்றை மற்றோர் அலகு சுமந்துகொண்டே ஓடும். கட்டியவருக்கோ இன்ஜின் 'ஏனோ சோர்ந்திருப்பதாக' மட்டுமே தெரியும். கொதிகலனைக் குறை கூறி உலையை மாற்றுவதில் ஒரு பருவமே கழிந்துவிடலாம். உண்மையில் பின் அலகின் ஒரு வால்வு மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கும். எனவே கோளாறு எந்த அலகில் உள்ளது என்பது உறுதியாகும்வரை ஸ்பானரைக் கையில் எடுக்கக் கூடாது என்பதே இந்த வழிமுறை முழுவதற்கும் அடிப்படை.

கீழே வரும் அளவுகள் 184 மி.மீ. கேஜில் (தண்டவாள இடைவெளியில்) ஓடும், நிலக்கரி எரிக்கும், 6 பார் அழுத்தத்தில் இயங்கும், வெளிமுனைகளில் சிலிண்டர்களும் சறுக்கி நீராவி வழிகளைத் திறந்து மூடும் ஸ்லைடு வால்வுகளும் அவற்றை அசைக்கும் வால்ஷார்ட்ஸ் இயக்கமும் கொண்ட ஒரு மாதிரியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. வேறு கேஜில் கட்டுபவர்கள் எண்களை மாற்றிக்கொள்ளலாம், காரணங்கள் மாறா.

தேடலுக்கு முன் செய்ய வேண்டியவை

ரெகுலேட்டரிலிருந்து ஒவ்வோர் அலகுக்கும் செல்லும் நீராவிக் குழாயின் ஃபிளாஞ்சுக்குள் (போல்ட்டால் இணையும் விளிம்புக்குள்) செருகத்தக்க, துளையில்லாத எஃகுத் தகடுகள் இரண்டை வெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு தகட்டைச் செருகினால் அந்த அலகு முழுவதும் அடைபடும். மற்றதைத் தனியே இயக்கிப் பார்க்கலாம். இன்ஜினைச் சக்கரங்கள் தடையின்றிச் சுழலும்படி உருளைகளின் மேல் ஏற்றி, ரெகுலேட்டருக்கு அப்பால் உள்ள குழாயில் சுமார் 1.5 பார் காற்றழுத்தத்தை இணைத்தால், நெருப்பு மூட்டாமலே பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். காற்று கொதிகலனுக்குள் போகக் கூடாது. கொதிகலனின் வலிமையை நீரால் மட்டுமே சோதிக்க வேண்டும். புதிய கொதிகலனுக்கு இயங்கு அழுத்தத்தின் இருமடங்கு, அதாவது இங்கே 12 பார், என்பதே பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் அளவு. நீர் ஏறத்தாழச் சுருங்காத பொருள் என்பதால், ஓரிடத்தில் இணைப்பு விட்டாலும் அழுத்தம் உடனே விழுந்துவிடும். காற்றோ அழுத்தத்தில் பெரும் ஆற்றலைச் சேர்த்து வைத்திருந்து, இணைப்பு விடும் கணத்தில் உலோகத்தைச் சிதறடிக்கும்.

ரெகுலேட்டரைத் திறந்தால் இன்ஜின் அதிர்கிறது, ஆனால் நகரவில்லை

முதன்முறை நீராவி ஏற்றும்போது மிகுதியாக நேரும் கோளாறு இது; காரணமும் பெரும்பாலும் ஒன்றுதான். இரண்டு அலகுகளும் எதிரெதிர்த் திசையை நோக்கி நிற்கின்றன. இன்ஜின் முன்னோக்கிச் செல்லும்போது முன் அலகு தன் சிலிண்டர்களை முன்னால் வைத்துக்கொண்டு ஓடுகிறது. பின் அலகோ தன் கணக்கில் பின்னோக்கி ஓடுகிறது. வால்வு இயக்கத்தில் ஆடும் வளைந்த பிளவுத்துண்டே எக்ஸ்பான்ஷன் லிங்க்; அதன் பிளவில் மேலும் கீழும் நகரும் டை பிளாக் நிற்கும் பாதியே ஓடும் திசையை முடிவுசெய்கிறது. ஆகையால் முன் அலகின் டை பிளாக் எக்ஸ்பான்ஷன் லிங்கின் கீழ்ப்பாதியில் இருக்கையில், பின் அலகின் டை பிளாக் மேல்பாதியில் இருக்க வேண்டும். இரண்டு அலகுகளையும் ஒரே வரைபடத்தைக் கொண்டு ஒன்றுபோலவே கட்டி, ரிவர்சிங் (திசைமாற்றும்) கைப்பிடியிலிருந்து அலகுகளுக்குச் செல்லும் ரீச் ராடுகளையும் ஒன்றுபோலவே மாட்டிவிட்டால், கைப்பிடியை எந்தப் பக்கம் தள்ளினாலும் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்தே இழுக்கும்.

சக்கரங்களின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் ஒரு குறி இட்டு, கைப்பிடியை முன்னோக்கி முழுவதும் தள்ளி, முதலில் முன் அலகுக்கு மட்டும் காற்றைச் செலுத்திச் சுழலும் திசையைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு தகட்டை மாற்றிப் பின் அலகைப் பார்க்க வேண்டும். திசைகள் மாறுபட்டால், சக்கரத்திலிருந்து லிங்குக்கு அசைவு தரும் ரிட்டர்ன் கிராங்கைக் கழற்றித் திருப்பத் தொடங்குவது பெருந்தவறு. அது வால்வின் நேரக் கணக்கு முழுவதையும் குலைத்துவிடும். பின் அலகின் ரிவர்சிங் ஷாஃப்டில் ரீச் ராடு இணையும் கையை மட்டும் ஷாஃப்டின் மறுபக்கத்துக்கு மாற்றினால் போதும். சரியாக இணைத்ததற்கு ஒரு தெளிவான சான்றும் உண்டு. ஓர் அலகின் ரேடியஸ் ராடுகள் (டை பிளாக்கிலிருந்து வால்வு நோக்கிச் செல்லும் தண்டுகள்) இறங்கும்போது மற்றதன் ராடுகள் ஏறுவதால் அவற்றின் எடைகள் ஒன்றையொன்று சமன் செய்ய, கைப்பிடி இரு பக்கமும் இலகுவாக நகரும். கைப்பிடி ஒரு பக்கமாகத் தானே விழுந்துகொண்டிருந்தால், நெருப்பு மூட்டும் முன்பே இணைப்பை ஐயுறலாம்.

திசை சரியாகி, முன்னோக்கி நன்றாக இழுத்து, பின்னோக்கிச் செல்லும்போது மட்டும் சோர்வு தென்பட்டால், நடுநிலை பொருந்தவில்லை என்று பொருள். கைப்பிடி நடுவில் இருக்கையில் இரண்டு அலகுகளின் டை பிளாக்குகளும் லிங்கின் மையத்தில் நிற்க வேண்டும்; அப்போது லிங்கை ஆட்டினாலும் வால்வுத் தண்டு அசையக் கூடாது. அசைந்தால் அந்த அலகின் ரீச் ராடின் நீளத்தைத் திருத்த வேண்டும். நீளத்தைத் திருகிச் சரிசெய்யும் முனை ஒன்றை ஒவ்வொரு ராடிலும் முதலிலேயே அமைத்துக்கொள்வது பின்னாளில் மிகுந்த உழைப்பைக் காக்கும்.

நேர்ப்பாதையில் நன்றாக ஓடி, வளைவில் வலுவிழக்கிறது

வளைவில் அலகு பிவட்டைச் சுற்றித் திரும்புகிறது; கொதிகலன் சட்டம் திரும்புவதில்லை. இரண்டுக்கும் இடையே செல்லும் ரீச் ராடின் மூட்டு பிவட்டின் செங்குத்து அச்சிலிருந்து விலகியிருந்தால், அலகு திரும்பும்போதெல்லாம் கட்-ஆஃப் (பிஸ்டன் வீச்சில் நீராவி அடைபடும் இடம்) தானாக மாறும். இங்கே விலகலின் திசை முக்கியம். மூட்டு பக்கவாட்டில் 40 மி.மீ. தள்ளியிருந்து, அலகு 8 பாகை திரும்பினால், ராடின் முனை ஏறத்தாழ 5.6 மி.மீ. முன்னோ பின்னோ நகர்ந்துவிடும். அதே 40 மி.மீ. விலகல் நடுக்கோட்டின் வழியே, அதாவது பிவட்டுக்கு முன்னாலோ பின்னாலோ இருந்தால், நகர்வு 0.4 மி.மீ. மட்டுமே. ஆகவே ராடைக் கொதிகலனின் பக்கமாகக் கொண்டுவந்தாலும், பிவட்டை நெருங்கும் முன் ஒரு குறுக்கு ஷாஃப்டின் மூலம் இயக்கத்தை நடுக்கோட்டுக்கு மாற்றி, அங்கே யுனிவர்சல் மூட்டை அமைக்க வேண்டும். கட்டி முடித்த இன்ஜினில் இதைச் சோதிக்க, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஓர் அலகைக் கையால் இரு எல்லைகளுக்கும் திருப்பி, டை பிளாக் எவ்வளவு நகர்கிறது என்று அளந்தால் போதும்.

ரீச் ராடு குற்றமற்றதாக இருந்தும் வளைவில் மட்டும் சோர்வு நீடித்தால், நெகிழ் குழாய் மடங்கி நீராவியின் வழியைக் குறுக்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

குளிரில் ஒழுகாத குழாய் மூட்டு, சூடேறியதும் ஒழுகுகிறது

இந்த வகை இன்ஜினின் உயிர்நிலை இந்த மூட்டுகளே. அசையாத சட்டத்திலிருந்து அசையும் அலகுக்கு நீராவியைக் கொண்டுசெல்லும் ஒவ்வோர் இடத்திலும் ஒரு பந்து மூட்டும், பெரும்பாலும் அதனுடன் நீளவும் குறுகவும் வல்ல ஒரு சறுக்கு மூட்டும் தேவைப்படுகின்றன. மூட்டு ஒழுகியவுடன் கிளாண்டை (அடைப்புப் பொருளை அழுத்தும் வளையத்தை) இறுக்குவதே எல்லாருக்கும் முதலில் தோன்றும் மருந்து. ஆனால் இறுக்கிய மூட்டு அலகைத் திரும்பவிடாமல் தடுக்கும். தடுக்கப்பட்ட அலகு வளைவில் தடம்புரளும். ஒழுகலை நிறுத்தப் போய்த் தடம்புரளலை வரவழைத்துக்கொள்ளாமல் இருக்க, காரணத்தை முதலில் தேட வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது மூட்டையன்று, கொதிகலனை. 900 மி.மீ. நீளமுள்ள செம்புக் கொதிகலன் அறை வெப்பநிலையிலிருந்து 165 பாகை செல்சியசுக்குச் சூடேறும்போது ஏறத்தாழ 2 மி.மீ. நீள்கிறது, எஃகுக் கொதிகலன் 1.5 மி.மீ. நீள்கிறது. புகைப்பெட்டி முனையைச் சட்டத்தோடு இறுக்கமாகப் பிணைத்து, உலை முனையை முன்பின் சறுக்கும்படி தாங்கியிருக்க வேண்டும். இரு முனைகளையும் போல்ட்டால் இறுக்கியிருந்தால், கொதிகலன் நீளும் விசை சட்டத்தை வளைத்து, பிவட்டுகளைச் சாய்த்து, பந்து மூட்டை அதன் இருக்கையில் கோணலாக அழுத்தும். இத்தகைய ஒழுகல், இறுக்கும்தோறும் ஓர் அரைமணி நின்று மீண்டும் தொடங்கும். சறுக்கும் முனையின் அருகே சட்டத்திலும் கொதிகலனிலும் ஒரே நேர்க்கோட்டில் கீறிவைத்து, முழு அழுத்தம் வந்தபின் கீறல்கள் விலகியிருக்கின்றனவா என்று பார்த்தால் ஐயம் தீரும். விலகவில்லை என்றால் முனை சிக்கியிருக்கிறது.

அடுத்து, மூட்டினுள் இருக்கும் பொருள். 6 பார் அழுத்தத்தில் நிறைநீராவியின் வெப்பநிலை சுமார் 165 பாகை. சாதாரண நைட்ரைல் ஓ-ரிங் இந்த வெப்பத்தில் விரைவில் கடினமாகி வெடித்துவிடும். பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் எனப்படும் பிளாஸ்டிக்) வெப்பத்தைத் தாங்கும், ஆனால் அழுத்தத்தின் கீழ் மெல்ல வழிந்தோடும் இயல்புடையது என்பதால் அதை எல்லாப் பக்கமும் உலோகத்தால் சூழ்ந்து, பின்னால் ஒரு சுருள்வில்லின் தொடர் அழுத்தத்தையும் தர வேண்டும், வில் இல்லாத மூட்டு நாளுக்கு நாள் தளரும். நீராவியை மேலும் சூடேற்ற உலைக்குள் நீளும் சூப்பர்ஹீட்டர் அமைத்தவர்கள் கிராஃபைட் பேக்கிங்கையே நாட வேண்டும். 260 பாகைக்கு மேல் பி.டி.எஃப்.இ. சிதையத் தொடங்கிவிடும். இந்த வழியில் எங்கும் மென்பற்றாசுக்கு இடமில்லை. ஈய-வெள்ளீயப் பற்றாசு 183 பாகையிலேயே உருகத் தொடங்குவதால், 165 பாகையில் அதன் வலிமை பெயரளவுக்கே எஞ்சும். வெள்ளிப் பற்றாசு ஒன்றே இங்கு நம்பத்தக்கது.

புறப்படும்போது புகைபோக்கியிலிருந்து நீர் தெறிக்கிறது

இரண்டு வேறுபட்ட நிகழ்வுகள் இப்படித் தோன்றும். கொதிகலனிலிருந்து நீரே நீராவியோடு இழுபட்டு வருவது ஒன்று. நீராவி குளிர்ந்த குழாய்களிலும் சிலிண்டர்களிலும் நீராக மாறி வருவது மற்றொன்று. முதல் வகை ரெகுலேட்டரை அகலத் திறக்கும்போதெல்லாம், ஓட்டத்தின் நடுவிலும் வரும். உலர்ந்தபின் வண்டியின் மேல் வெண்மையான கறை விட்டுச்செல்லும். நீர்மட்டம் மிகுந்திருப்பதோ, நீரில் உப்பும் எண்ணெயும் சேர்ந்து நுரைப்பதோ அதன் காரணம். இரண்டாம் வகை முதல் சில பத்து மீட்டர்களில் மட்டும் வந்து நின்றுவிடும். கார்ரெட் மாதிரிகளில் பெரும்பாலும் நிகழ்வது இதுவே.

இதற்குக் காரணம் குழாயின் நீளம். ஹெர்பர்ட் வில்லியம் கார்ரெட்டின் வடிவமைப்பில் மான்செஸ்டரின் பேயர் பீக்காக் நிறுவனம் 1909-இல் டாஸ்மேனியாவின் 610 மி.மீ. பாதைக்காகக் கட்டிய முதல் இன்ஜினான கே1-இல், சிலிண்டர்கள் உள்முனைகளில், கொதிகலனை ஒட்டி இருந்தன. குழாய்களின் நீளம் குறைந்திருந்ததால் வெப்ப இழப்பு குறைந்தது. ஆனால் பின் அலகின் சிலிண்டர்கள் ஓட்டுநர் அறைக்குக் கீழேயே வந்து அறையை வெப்பமாக்கின. பின்னர் வந்த கார்ரெட்டுகளில் சிலிண்டர்கள் வெளிமுனைகளுக்கு நகர்ந்தன. அந்த அமைப்பை மாதிரியாகக் கட்டுபவர் நீண்ட குழாயையும் சேர்த்தே ஏற்கிறார். மாதிரியில் குழாயின் பரப்பு அதனுள் செல்லும் நீராவியின் அளவோடு ஒப்பிடுகையில் முழு அளவு இன்ஜினில் இருப்பதைவிட மிகவும் அதிகம் என்பதால், இழப்பும் அதற்கேற்பப் பெருகுகிறது. பின் அலகிலிருந்து புகைப்பெட்டிவரை கொதிகலனின் அடியில் செல்லும் வெளியேற்றக் குழாய் இவற்றில் மிக நீளமானது. அதன் தாழ்ந்த இடத்தில் ஒரு வடிகால் வால்வு இல்லையென்றால் அங்கே தேங்கும் நீர் ஒவ்வொரு புறப்பாட்டிலும் புகைபோக்கி வழியே வெளியேறும். குழாய்களுக்கு வெப்பக்காப்புச் சுற்றி, வடிகாலை அமைத்து, நான்கு சிலிண்டர்களின் வடிகால் காக்குகளையும் (நீரை வெளியேற்றும் சிறு குழாய்த் திறப்புகளையும்) திறந்து வைத்து மெல்ல நகர்த்திச் சூடேற்ற வேண்டும். சிலிண்டரில் அடைபட்ட நீர் பிஸ்டனுக்கு வழிவிடாது. அதைப் பொருட்படுத்தாமல் ரெகுலேட்டரைத் திறந்தால், சிலிண்டர் மூடி உடையும் அல்லது கனெக்டிங் ராடு வளையும்.

முன் அலகு மட்டும் வழுக்குகிறது

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். 45 மி.மீ. விட்டமும் 60 மி.மீ. வீச்சும் உள்ள இரண்டு சிலிண்டர்கள், 150 மி.மீ. சக்கரங்கள், 6 பார் அழுத்தத்தில் 85 விழுக்காடு என்று கொண்டால், ஓர் அலகின் இழுவிசை ஏறத்தாழ 413 நியூட்டன். வழுக்காமல் இருக்கச் சக்கரங்களின் மேல் அதைப் போல் நான்கு மடங்கு எடை வேண்டும் என்பது பழக்கமான கணக்கு. அதாவது சுமார் 168 கிலோ. முன் அலகின் மேல் அமர்ந்த நீர்த்தொட்டியான முன் தொட்டி நிரம்பியிருக்கையில் அலகின் மேல் 170 கிலோ இருந்து, 20 லிட்டர் நீர் செலவானதும் 150 கிலோவாகக் குறைந்தால், விகிதம் 4-இலிருந்து 3.6-க்கு இறங்கிவிடும். ஓட்டத்தின் பிற்பகுதியில்தான் வழுக்கல் தொடங்குகிறது என்றால் இதுவே காரணம்.

முன் அலகின் சட்டத்துக்குள் ஈயக் கட்டிகளை நிரந்தரமாக வைப்பது எளிய தீர்வு. பயணியர் வண்டியில் ஒரு துணைத் தொட்டியை வைத்து அதிலிருந்தே முதலில் நீரெடுப்பது இதைவிடச் சிறந்தது என்று கருதுகிறேன். முன் தொட்டி கடைசிவரை எடையாகவே பணிபுரியும். இரண்டு அலகுகளுக்கும் ஒரே ரெகுலேட்டர் என்பதால், வழுக்கும் அலகுக்கு மட்டும் நீராவியைக் குறைக்க ஓட்டுநரால் இயலாது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தொட்டி நிரம்பியிருக்கும்போதே வழுக்கினால், பிவட் உயரங்களை அளந்து, கொதிகலன் சட்டத்தின் எடை பின்னால் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வெளியேற்ற ஒலி சேர்ந்தும் பிரிந்தும் கேட்கிறது

இது கோளாறன்று. இரண்டு அலகுகளும் தண்டவாளத்தின் மூலமன்றி வேறெதனாலும் பிணைக்கப்படவில்லை. ஒன்றின் சக்கர விட்டம் 150 மி.மீ., மற்றதன் விட்டம் 150.3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், 125 சுற்றுகளில், அதாவது ஏறத்தாழ 59 மீட்டர் தொலைவில், ஒன்று மற்றதைவிடக் கால் சுற்று விலகிவிடும். சுற்றுக்கு நான்கு ஒலிகள் என்பதால், அந்தத் தொலைவுக்குள் ஒலிகள் ஒன்றாக இணைந்து, பிரிந்து எட்டாகி, மீண்டும் இணையும். முழு அளவு கார்ரெட்டுகளிலும் கேட்கும் இந்த ஒலி மாதிரியிலும் கேட்பது, உண்மையில் கட்டியவருக்குக் கிடைக்கும் பரிசு. ஓர் அலகைத் தகடிட்டு அடைத்து, மற்றதைத் தனியே ஓட்டும்போது நான்கு ஒலிகள் சீராக இல்லையென்றால் மட்டுமே வால்வுகளைத் திறந்து பார்க்க வேண்டும்.

ஓடும்போது அழுத்தம் தொடர்ந்து விழுகிறது

உலையையும் புகைபோக்கி முனையையும் மாற்றும் முன், நீராவி வீணாகிறதா என்பதை அறிய வேண்டும். ஓர் அலகை அடைத்துவிட்டு, மற்றதன் ஒரு பக்கப் பிஸ்டன் வீச்சின் நடுவில் இருக்கும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்து, கைப்பிடியை நடுநிலையில் வைத்து, சக்கரங்களை அசையாதபடி கட்டையிட்டு நிறுத்த வேண்டும். அந்நிலையில் அந்தச் சிலிண்டரின் வால்வு இரு வழிகளையும் மூடியிருக்கும். ரெகுலேட்டரைச் சற்றே திறந்தால், அதன் வடிகால் காக்குகளில் எதிலும் நீராவி வரக் கூடாது. வந்தால் வால்வின் முகம் ஒழுகுகிறது. மறுபக்கப் பிஸ்டன் அப்போது வீச்சின் எல்லையில் நிற்கும். அங்கே ஒரு காக்கில் மட்டும் நீராவி வருவது இயல்பு. இரண்டிலும் வந்தால் பிஸ்டன் வளையங்களை ஐயுற வேண்டும். நான்கு சிலிண்டர்களையும் இப்படிப் பார்க்க ஒரு மணி நேரம் போதும்.

ஒழுகல் பின் அலகில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், எண்ணெயைப் பார்க்க வேண்டும். ஒரே லூப்ரிகேட்டரிலிருந்து இரண்டு அலகுகளுக்கும் எண்ணெயைப் பிரித்தால், அது எதிர்ப்பு குறைந்த வழியில் மிகுதியாகச் சென்று, மற்ற அலகை உலரவிடும். உலர்ந்த ஸ்லைடு வால்வு முனகும். கைப்பிடியில் அதிர்வு தெரியும். பிறகு முகம் கீறிக்கொள்ளும். ஒவ்வோர் அலகுக்கும் அதனதன் இயக்கத்தாலேயே இயங்கும் தனி லூப்ரிகேட்டரை வைப்பதே சரி.

எங்கும் ஒழுகல் இல்லையென்றால் காற்றிழுப்பைச் சோதிக்கலாம். நீர் நிரப்பிய இரண்டு யு வடிவக் குழாய்களில் ஒன்றைப் புகைப்பெட்டியோடும், மற்றொன்றை உலையோடும் இணைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். புகைப்பெட்டியில் வெற்றிடம் மிகுந்து உலையில் குறைந்திருந்தால் புகைக்குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. இரண்டிலும் மிகுந்திருந்தால், உலைத்தட்டோ சாம்பல் தட்டோ காற்றைத் தடுக்கிறது. கார்ரெட்டில் உலைக்குக் கீழே அச்சுகள் இல்லாததால், சாம்பல் தட்டை ஆழமாகவும் அகலமாகவும் அமைக்க இடமுண்டு. அந்த வசதியை விட்டுவிடுவது வருந்தத்தக்கது. இரண்டிலும் குறைந்திருந்தால், புகைப்பெட்டிக் கதவில் காற்று புகுகிறது, அல்லது வெளியேற்ற முனையின் துளை பெரிதாகிவிட்டது, அல்லது அது புகைபோக்கியின் மையத்தில் இல்லை. நான்கு சிலிண்டர்களின் நீராவியும் ஒரே முனை வழியே வருவதால், இரண்டு சிலிண்டர் இன்ஜினின் வரைபடத்திலிருந்து எடுத்த துளை அளவு இங்கே பொருந்தாது.

இன்ஜெக்டர் நீரை ஏற்காமல் வெளியே கொட்டுகிறது

நீராவியின் விசையால் கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தும் கருவியே இன்ஜெக்டர். நீர் சூடாக இருந்தால் அதனால் நீராவியைக் குளிர்வித்து ஒடுக்க இயலாது. 40 பாகையைத் தாண்டிய நீரில் சிறிய இன்ஜெக்டர்கள் தடுமாறும். வெளியேற்றக் குழாய் முன் தொட்டியின் அடிப்பகுதியைத் தொட்டுச் செல்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். நீர் குளிர்ந்திருந்தும் கொட்டினால், அலகுக்கும் சட்டத்துக்கும் இடையே உள்ள ரப்பர்க் குழாயில் காற்று புகுகிறது. வளைவில் நிற்கும்போது மட்டும் இன்ஜெக்டர் மறுத்தால் இது உறுதி.

எங்கும் ஒரே சக்கரம் தண்டவாளத்தை விட்டு ஏறுகிறது

இரண்டு பிவட்டுகளும் தட்டையாக இருந்தால், கொதிகலன் சட்டம் இரண்டு அலகுகளையும் ஒரே தளத்தில் பிணைத்துவிடும். பாதை சற்றே முறுக்கிய இடத்தில் ஒரு மூலை தூக்கிக்கொள்ளும். ஒரு பிவட் எல்லாத் திசையிலும் சாயும் கோளமாகவும், மற்றது முன்பின் மட்டும் சாய்ந்து பக்கவாட்டில் சட்டத்தைத் தாங்குவதாகவும் இருக்க வேண்டும். ஒரு சக்கரத்தின் கீழ் 2 மி.மீ. தகட்டை வைத்து, மற்றச் சக்கரங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் மெல்லிய தாளைச் செருகி இழுத்துப் பார்க்கலாம். தாள் எளிதில் உருவிக்கொண்டு வரும் சக்கரம் எடை தாங்கவில்லை. அது தகடு வைத்த அலகிலேயே இருந்தால் சுருள்வில்களைத் தளர்த்திச் சமன்செய்ய வேண்டும்; மற்ற அலகில் இருந்தால் கோளப் பிவட்டின் மேல் மூடி இறுகியிருக்கிறது, அதன் அடியில் 0.2 மி.மீ. ஷிம் (மெல்லிய இடைத்தகடு) ஒன்றைச் சேர்த்து மீண்டும் தாளை இழுத்துப் பார்க்க வேண்டும்.